ஆயிரத்து இருநூறு அடிக்கு ஒரு வாழ்க்கை வரலாறு

எத்திராஜ் படம் எடுக்க ஒன்றரை வருஷம்தான் ஆயிற்று. தான் படம் எடுக்கிறவர்தான் என்று நிரூபிக்க ஏழு வருஷம் ஆயிற்று. படத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அது வெளிவரவேயில்லை. நிரூபித்த கதைதான் பெரிசு.

நகரிக்குப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. அப்பா, திருமலையில் பக்தர்கள் கொடுத்த முடியை ஏலத்தில் எடுத்து வந்து, சிக்கெடுத்து, அலசி, சவுரி கட்டி விற்றவர். மகன் அந்தத் தொழிலை ஒரு படி ஏற்றி டோப்பா கட்டினார். முதலில் நாடகக் கம்பெனி ராஜாக்களுக்கு; பிறகு புத்தூரில் ரயிலேறி சென்னை ஸ்டூடியோக்களுக்கு. முனிவரின் ஜடை, அரக்கனின் பரட்டை, காதலனின் சுருள் முடி எல்லாம் அவர் கையிலிருந்து போனவை. பன்னிரண்டு வருஷம் ஒப்பனை அறையில் பசையும் சீப்புமாக நின்றதில், படம் எப்படி எடுப்பது என்பதையும் எப்படி எடுக்கக்கூடாது என்பதையும் பார்த்துக்கொண்டார். எல்லாக் கதாநாயகர்களின் வழுக்கையும் அவருக்கு அத்துப்படி. அதனால் அவர் சொந்தப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னபோது, நாள் ஒதுக்க முடியாது என்று எந்தக் கதாநாயகனும் சொல்லத் துணியவில்லை. அவர் தயாரிப்பாளர் ஆன வரலாறு இவ்வளவுதான். இதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

படத்தில் ஒரு மகாராணிக்குக் கைக்குழந்தை காணாமல் போகிறது. போவது செவ்வாய்க்கிழமை, கிடைப்பது வெள்ளிக்கிழமை. மகாராணியாக நடித்தவள் தாட்சாயணி. குழந்தையாக நடித்தது எத்திராஜின் பெண் யசோதா, அப்போது மூன்று மாதம். மற்ற குழந்தைகள் பெரிய விளக்கைப் போட்டதும் வீறிட்டு அழுதன. யசோதா விளக்கைப் பார்த்துச் சிரித்தது. ஆகவே வேறு குழந்தை தேடவில்லை. பதினோரு ரீல் முடிந்தது. பாக்கி இருந்தது கடைசிக் காட்சி ஒன்றுதான்: மகாராணி குழந்தையைத் தூக்குகிறாள், குழந்தை சிரிக்கிறது, சுபம். அதற்கு ஆயிரத்து இருநூறு அடி பிலிம் வேண்டும். இருந்த பிலிமைக் கதாநாயகன் ஒரே வசனத்தைப் பதினான்கு தடவை மறந்து தீர்த்திருந்தான்.

பிலிம் அப்போது கடையில் கிடைக்காது. சர்க்கார் கடிதம் கொடுத்தால் கிடைக்கும். எத்திராஜ் சென்னையில் கடிதம் கொடுக்கிறவரிடம் போனார்.

"எந்த ஊரு?"

"நகரி பக்கம்ங்க."

"போன அக்டோபர்ல ராஜ்யம் பிரிஞ்சதுலேர்ந்து நீங்க ஆந்திரா ஆச்சே. உங்க பக்கத்துல லெட்டர் வாங்கிட்டு வாங்க."

எத்திராஜ் போன அக்டோபரில் எங்கேயும் போகவில்லை. ஸ்டூடியோவில் அட்டை அரண்மனைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் சித்தூருக்கு பஸ் ஏறினார்.

சித்தூரில் ஒரு வெல்ல மண்டிக்கு மேல் மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. எல்லைப்புறக் கலைஞர் பூர்வோத்தரச் சரிபார்ப்புக் கமிட்டி என்று பலகை. பெயர் பலகையைவிட நீளமாக இருந்ததால் கடைசி இரண்டு எழுத்துகளைப் பக்கத்துச் சுவரில் திருப்பி எழுதியிருந்தார்கள். எந்த ஊர் யாருக்கு என்று இரண்டு ராஜ்யங்களும் இழுத்துக்கொண்டிருந்த காலம். எல்லைப்புறத்துக் கலைஞர் ஒவ்வொருவரும் எந்த வேரில் முளைத்தார், எப்படி வளர்ந்தார் என்று விசாரித்து முத்திரை போடுவது கமிட்டியின் வேலை. முத்திரை விழுந்தால் கடிதம் கிடைக்கும்.

தலைவர் கிருஷ்ணப்பா வனத்துறையில் செம்மரக் கட்டைகளுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். கலைஞர்களையும் எங்கே வெட்டியது என்ற கண்ணோடுதான் பார்ப்பார். அவர் வாழ்நாளில் பார்த்த படம் இரண்டு, ஒன்றில் தூங்கிவிட்டார். குமாஸ்தா ஏழுமலை சத்தியவேட்டுக்காரன், நல்ல பையன், ஆனால் உத்தியோகத்தில் இருந்தான்.

விண்ணப்பத்தில் நாற்பத்தொரு கட்டம். பெயர், ஊர், குழந்தைகள் வரை எத்திராஜ் தடுக்கி விழாமல் வந்தார். 'கைக்குழந்தை ஒன்று, ஐந்து மாதம்' என்று ஏழுமலை எழுதிக்கொண்டான். ஒன்பதாம் கட்டத்தில் தலைவரே குறுக்கிட்டார்.

"கலைத் தாகம் ஏற்பட்ட தேதி?"

"தாகம்லாம் வர்லீங்க. டோப்பா கட்டிக்கினு இருந்தேன். அப்டியே படத்துக்கு வந்துட்டேன்."

"அப்படியே வர முடியாது. சூடண்டி, பாருங்க எத்திராஜுகாரு, கட்டம் இருக்கு, தேதி இருக்கணும். தேதி இல்லாத தாகத்தை நான் எப்படி மேலிடத்துக்கு அனுப்புவேன்?"

ஏழுமலை இரக்கப்பட்டு ஒரு விஜயதசமியைப் போட்டான். தலைவர் அடுத்த கட்டத்துக்கு வந்தார். தொழிலுக்கு ஆதாரம் என்ற இடத்தில் எத்திராஜ் 'முடி' என்று சொல்லியிருந்தார்.

"யாருடைய முடி?"

"மலைல மொட்டை போட்டுக்கினவங்களுது."

"அது தெரியுது. எந்த பாஷைக்காரங்களுது?"

"முடிக்கு ஏதுங்க பாஷை?"

கிருஷ்ணப்பா கண்ணாடியைக் கழற்றினார். முக்கியமான விஷயத்துக்குத்தான் கழற்றுவார். "உங்க கலை வளர்ந்தது இந்த முடியிலதானே? முடி தமிழ்க்காரங்களுதுன்னா உங்க வேர் அந்தப் பக்கம். தெலுகுவாள்ளதுன்னா இந்தப் பக்கம். பாதிப் பாதின்னா அது ஒரு தனி ஃபைல். போய்க் கணக்கெடுத்துக்கினு வாங்க. மலையடியில, அலிபிரியில உட்கார்ந்தா இறங்கி வர்றவங்களைக் கேட்டுடலாம்."

எத்திராஜ் அலிபிரியில் ஒரு புளிய மரத்தடியில் கமிட்டி கொடுத்த பதிவேட்டோடு உட்கார்ந்தார். முடியோடு ஏறிப் போனவர்கள் சந்தனம் தடவிய தலையோடு இறங்கி வந்தார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்தி, இப்போது இல்லாத முடியின் தாய்மொழி என்ன என்று கேட்டார். சிலர் தெலுங்கு என்றார்கள், சிலர் தமிழ், சிலர் கன்னடம். ஒரு மராட்டிக்காரர் இவருக்கு வெயில் ஏறிவிட்டது என்று பாவப்பட்டு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். சித்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மட்டும் நின்று பதில் சொன்னார்.

"தலைல இருக்கச் சொல்ல என் முடி. குடுத்துட்டேன், இப்ப சாமியோடது. பாஷை இன்னான்னு மேல போய் அவரையே கேளேன்."

இந்தப் பதில் நியாயமாக இருந்ததால் எத்திராஜ் அதையும் எழுதிக்கொண்டார். நானூறு தலைகள் சேர்ந்த பிறகு பதிவேட்டை ஒப்படைத்தார். கமிட்டி அதை ஒன்பது மாதம் பரிசீலித்து, முடி கடவுளின் சொத்து என்பதால் எல்லைத் தகராறுக்கு அப்பாற்பட்டது என்று தீர்மானம் போட்டது. எந்த வேர் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்கள்.

இதற்குள் யசோதா தவழ்ந்து, பல் முளைத்து, நிற்கக் கற்றுக்கொண்டிருந்தது. எத்திராஜ் ஊருக்கு வந்தபோதெல்லாம் குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். கன்னம் இன்னும் அந்தக் கன்னம்தானா என்று பார்ப்பார்.

"கொஞ்ச நாளு இப்டியே இரு கண்ணு" என்று ஒருநாள் அதனிடம் கெஞ்சினார்.

அடுப்பங்கரையிலிருந்து மனைவி பொன்னியம்மாள் கரண்டியோடு வந்தாள். "புள்ள வளர்றத நிறுத்தச் சொல்றியா? உன் கமிட்டிய வளரச் சொல்லுய்யா. அதுக்குத்தான் இன்னும் அறிவுப்பல்லு முளைக்கல."

எத்திராஜ் கதையை மாற்றினார். செவ்வாய்க்கிழமை போன குழந்தை வெள்ளிக்கிழமை கிடைப்பதற்குப் பதில், ஒரு வருஷம் கழித்துக் கிடைப்பதாக எழுதினார். மகாராணிக்குப் புதிதாக ஒரு புலம்பல் வசனம் சேர்ந்தது.

அடுத்தது இருபதாம் கட்டம். பட்டினி கிடந்த நாட்கள்.

"எங்க வூட்ல மூணு வேளையும் துன்னோம்ங்க" என்றார் எத்திராஜ், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

கிருஷ்ணப்பா நாற்காலியில் சாய்ந்தார். "மூணு வேளையும் தின்னவர் கலைஞர் ஆனதா எங்க ஃபைல்ல ஒரு கேசு கூட இல்லையே!" என்று சொல்லி, ஏழுமலையிடமிருந்து மாதிரி வாழ்க்கை வரலாறு ஒன்றை வாங்கி நீட்டினார். கமிட்டி எல்லாக் கலைஞர்களுக்கும் பொதுவாகத் தட்டெழுத்து அடித்து வைத்திருந்தது. அதில் கலைஞர் டிக்கெட் இல்லாமல் பட்டணம் ஓடுகிறார். குழாய்த் தண்ணீர் குடிக்கிறார். பூங்கா பெஞ்சில் படுக்கிறார். ஒரு பெரியவர் அவர் நெற்றியில் ஒளியைக் காண்கிறார். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. எத்திராஜோ டிக்கெட் வாங்கிப் போனவர். பொன்னியம்மாள் கட்டிக்கொடுத்த புளிசாதம் அரக்கோணம் வரைக்கும் வந்தது. அவர் நெற்றியில் யாரும் எதையும் கண்டதில்லை.

"விதிப்படி பட்டினி ஒன்பது நாள் பாக்கி இருக்கு" என்றார் தலைவர். "நீங்க குடும்பஸ்தர். ஆறு நாள் தள்ளுபடி பண்றேன். மூணு நாள் கமிட்டியின் மேற்பார்வையில இருந்து கொடுத்துடுங்க."

திருச்சானூரில் ஒரு சத்திரத்து அறை பார்த்தார்கள். எதிரே யாத்திரிகர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு போடுகிற கூடம். பட்டினி உண்மையானதாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தலைவரே தேர்ந்தெடுத்த இடம். மேற்பார்வை ஏழுமலைக்கு. மேற்பார்வை செய்கிறவருக்குச் சாப்பாட்டுப்படி உண்டு. அதைச் சாப்பிட்டதாக நிரூபிக்கவேண்டும் என்றும் விதி இருந்தது. ஆகவே அவன் மூன்று வேளையும் எத்திராஜின் கண்ணெதிரே சாப்பிட்டு, அவரிடமே சாட்சிக் கையெழுத்தும் வாங்கினான். முதல் நாள் பொங்கலுக்கு. இரண்டாம் நாள் பூரிக்கு. மூன்றாம் நாள் புளியோதரைக்கு அவர் போட்ட கையெழுத்து வரியைவிட்டு இறங்கியிருந்தது.

ஏழுமலைக்குச் சோறு இறங்கவில்லை. "அண்ணா, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். ஒரு வாய் துன்னுடுங்க."

"வேணாம்பா" என்றார் எத்திராஜ். "யாராவது பாத்துட்டா மறுபடியும் ஒண்ணாம் நாள்லேர்ந்து ஆரம்பிப்பாங்க."

பட்டினிக் கட்டம் நிரம்பியது. ஃபைல் கர்னூலுக்குப் போயிற்று. அது போய்ச் சேர்ந்து கட்டு அவிழ்க்கிற நேரத்தில் தலைநகரம் ஹைதராபாத்துக்கு மாறியது. ஃபைலும் லாரியில் ஏறியது. ஒன்றேமுக்கால் வருஷம் அது எந்த ஊரிலும் இல்லை. தாட்சாயணிக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் பிறந்தன. 'குழந்தைதான் வேணும்னா என்கிட்ட ரெண்டு இருக்கு, எடுத்துக்கிட்டு வர்றேன்' என்று கடிதம் எழுதினாள். எத்திராஜுக்கு மனம் ஒப்பவில்லை. பதினோரு ரீலில் இருப்பது யசோதா முகம். கதையை மறுபடியும் மாற்றினார். இப்போது குழந்தை நாலு வருஷம் கழித்துக் கிடைத்தது.

அந்த வருஷம்தான் அவர் சென்னையில் படத்தைப் போட்டுப் பார்த்தார். இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். திரை முழுக்க யசோதா. பல் இல்லாத வாயைத் திறந்து விளக்கைப் பார்த்து அது சிரித்தது. முடிவு இல்லாத படத்தை யாரும் கொட்டகையில் போடமாட்டார்கள். அந்தச் சிரிப்பை அவரைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. அவருக்குத் துக்கம் தாங்கவில்லை. வாய்விட்டு அழுதார்.

அடுத்த விசாரணையில் முப்பத்திரண்டாம் கட்டம் வந்தது: கண்ணீர் விட்ட சந்தர்ப்பங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கமிட்டிக்குக் கொடுக்க எத்திராஜிடம் ஒன்று இருந்தது. நடந்ததைச் சொன்னார்.

"சாட்சி?" என்றார் கிருஷ்ணப்பா.

"தனியாதாங்க இருந்தேன்."

"அப்போ அது செல்லாது" என்று சொல்லிவிட்டு, அவர் பெருமூச்சு விட்டார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு எத்திராஜுகாரு. நல்ல அழுகை. வீணாப் போச்சு."

கமிட்டியின் ஐந்தாம் ஆண்டு விழா திருப்பதியில் நடந்தது. விண்ணப்பதாரர்கள் வராவிட்டால் கட்டம் கூடும் என்பதால் எத்திராஜும் போனார். மாலை போட்டுக்கொண்டு கிருஷ்ணப்பா பேசினார்.

"சில பேர் கேட்கறாங்க, இந்தக் கமிட்டி கலைஞர்களுக்கு என்ன கொடுத்ததுன்னு. கொடுக்கறதுக்காக நாங்க ஏற்படல. கொடுக்கத் தகுந்தவர் யாருன்னு பார்க்க ஏற்பட்டோம். இருநூற்றுப் பதினாறு விண்ணப்பம் வந்தது. ஒருத்தரும் தேறல! இதைவிடக் கண்டிப்பான கமிட்டியை நீங்க எங்கே பார்ப்பீங்க? பதினெட்டுப் பேர் கலையே வேண்டாம்னு வேறே தொழிலுக்குப் போயிட்டாங்க. அவங்களுக்குள்ள கலைத் தாகம் உண்மையா இல்லைங்கறதை நாங்கதான் வெளியே கொண்டுவந்தோம். ஒரு கலைஞருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் என்ன இருக்கு?"

கூடம் கைதட்டியது. கைதட்டியவர்களில் பாதிப்பேர் அந்த இருநூற்றுப் பதினாறில் உள்ளவர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது மார்ச் மாதக் கடைசியில் ஏழுமலை நகரியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டான். மூச்சு வாங்கியது.

"அண்ணா, பிலிம் வந்துடுச்சு! ஆயிரத்து இருநூறு அடி! தலைவர் நாளைக்கு அலிபிரிக்கு வரச் சொன்னாரு!"

எத்திராஜ் ஏழுமலையைக் கட்டிக்கொண்டார். தாட்சாயணிக்குத் தந்தி போயிற்று. மகாராணியின் கிரீடத்தைப் பொன்னியம்மாள் புளி போட்டு விளக்கினாள். யசோதாவுக்கு ஆறு வயசு. பட்டுப் பாவாடை கட்டி, வசனம் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது கதையில் குழந்தை ஆறு வருஷம் கழித்து வருகிறது, தாயை அதுவே அடையாளம் காண்கிறது. எழுதி முடித்தபோது, முதலில் நினைத்ததைவிட இதுதான் நல்ல முடிவு என்று எத்திராஜுக்கே தோன்றியது.

அலிபிரியில் காமிரா நின்றது. விளக்குகள் நின்றன. கிருஷ்ணப்பா கழுத்துவரை பவுடர் பூசிக்கொண்டு நாற்காலியில் இருந்தார்.

"ரண்டி, ரண்டி! வாங்க! ஏப்ரல் ஒண்ணாம் தேதி எல்லைத் தகராறு தீர்ந்துடுது. அதுக்குள்ள கமிட்டி ஏதாவது பண்ணியிருக்கணும்னு மேலிடம் சொல்லுது. உங்க பேர்ல வந்த பிலிம் மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள செலவாகலேன்னா திரும்பிப் போயிடும். அதனால தீர்மானம் போட்டோம். உங்க வாழ்க்கை வரலாற்றையே படமா எடுக்கறோம்!"

எத்திராஜ் காமிராவைக் காட்டினார். "ஐயா, அது என் பிலிமுங்க."

"உங்க பிலிம்தான். உங்களைப் பத்தித்தானே எடுக்கறோம்?"

எத்திராஜாக நடிக்க ஒருவர் ஏற்கெனவே வந்திருந்தார். தலைவரின் மைத்துனர். "தயாரிப்பாளர்னா முகத்துல ஒரு களை வேணும். உங்களுக்கு அது கொஞ்சம் கம்மி" என்று தலைவர் விளக்கினார். மைத்துனருக்குக் களை இருந்தது, முடி இல்லை. டோப்பா கட்ட எத்திராஜைவிடக் கைதேர்ந்தவர் அந்த ஜில்லாவில் யார்? தாட்சாயணியைப் பொன்னியம்மாளாக நடிக்கச் சொன்னார்கள்.

"நான் இங்கதான நிக்கிறேன்?" என்றாள் பொன்னியம்மாள்.

"நீங்க ஒரிஜினல். படத்துக்கு ஆகாது" என்றார் தலைவர்.

தாட்சாயணி கிரீடத்தைப் பைக்குள் வைத்து மூடினாள். "நடிக்க மாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு ரேணிகுண்டாவுக்கு வண்டி பார்க்கப் போய்விட்டாள். அந்த இடத்தில் அன்றைக்கு அப்படிச் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எத்திராஜுக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுத்தால் இன்னும் எத்தனை கட்டமோ என்ற பயம் ஆறு வருஷத்தில் எலும்புக்குள் போயிருந்தது. பசையை எடுத்தார். கோணலாக ஒட்டிவிடலாம் என்றுகூட நினைத்தார், கை ஒத்துழைக்கவில்லை. மைத்துனரின் தலையில் தன் வாழ்க்கையிலேயே மிக நேர்த்தியான டோப்பாவை ஒட்டி, வகிடும் எடுத்துவிட்டார்.

தலைவரின் முன்னுரை எழுநூறு அடி ஓடியது. அங்கத்தினர்கள் அறிமுகம் முந்நூறு. மீதி இருநூறில் மைத்துனர் பட்டினி கிடந்தார். கிடக்கும்போது ஏப்பம் விட்டார். பட்டுப் பாவாடையோடு ஓரத்தில் நின்ற யசோதா தன் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. எத்திராஜ் அவள் பக்கம் திரும்பவே கூசினார்.

எல்லை தீர்ந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. எல்லை இல்லாமல் எல்லைப்புறக் கமிட்டி எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, இடம் மாறியவர்கள் எல்லாருடைய வரலாற்றையும் முதலிலிருந்து பார்க்கவேண்டியிருப்பதால் வேலை இரட்டிப்பாகிவிட்டது என்று கிருஷ்ணப்பா பதில் எழுதினார். கமிட்டிக்கு இன்னும் இரண்டு அறைகள் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் ஒருநாள் காலை எத்திராஜுக்குத் தபால் வந்தது. தெலுங்கில் இருந்தது. அவருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. இரண்டாம் வகுப்புக்குப் போகிற யசோதா, பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள், நின்று எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"உன்னப் பத்தின படத்துல கடைசி சீன் பாக்கி கீதாம். நீ பிலிம் டப்பாவ வாங்கிக்கினு சந்தோசப்படற சீனு. அதுக்கு பிலிம் பத்தலியாம். இருநூறு அடி வேணும்னு நீ மனு போடணுமாம். வாழ்க்கைக் குறிப்பு எழுதி, நாற்பத்தொரு கட்டமும் ரொப்பி அனுப்பணுமாம்."

யசோதா அடியில் இருந்த சின்ன எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"ஃபைல்ல கீற மாதிரியே இருக்கணுமாம். அதனால அந்த அஞ்சு மாசக் கைக்குழந்தையையும் தூக்கிக்கினு வரணுமாம்." அவள் நிமிர்ந்தாள். "நம்ம வூட்ல ஏது நைனா கைக்குழந்தை? யாரது?"

எத்திராஜ் குனிந்து அவளைப் பையோடு சேர்த்துத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்தார். அவள் கால்கள் அவருடைய முழங்காலுக்குக் கீழே தொங்கின.

"எறக்கி வுடு நைனா" என்றாள் யசோதா. "ஸ்கூலுக்கு நேரமாச்சு."